மூன்றாவது கோடு

இரண்டு தடவை விழுந்தது. அதில் சந்தேகம் இல்லை. முதல் தடவை டொக் என்று விழுந்தபோது கரண்ட் போய் வந்தது, மின்விசிறி ஒரு முனகல் முனகிவிட்டு மறுபடி சுற்றியது, அதனால் ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது விழுந்தபோது கன்வெர்ட்டரின் கழுத்திலிருந்து எண்ணெய் வழிந்து என் முழங்கை வரைக்கும் ஓடியது, அந்த இடம் இன்னும் பிசுபிசுக்கிறது. மூன்றாவதுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. சத்தம் இல்லை, பிசுபிசுப்பு இல்லை. ஒரு சாக்பீஸ் கோடு மட்டும் இருக்கிறது. தலைக்கு மேலே, கியர் பாக்ஸ் வாயின் அடி விளிம்பில், என் கையால் நானே போட்ட மூன்று கோடுகள், விபூதிப் பட்டை மாதிரி வரிசையாக, என்னமோ இந்தக் காருக்குப் பக்தி முற்றிப்போன மாதிரி. நான் பள்ளத்துக்குள் நிற்கிறேன். மேலே செயின் பிளாக்கில் எஞ்சின் தொங்குகிறது, வேறு ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றி வந்த எஞ்சின், இந்தக் காருக்குச் சம்பந்தமே இல்லாதது, அதைக் கொண்டுவந்து இதில் மாட்டு என்று ஒரு பல் டாக்டருக்கு ஆசை. எஞ்சினுக்குப் பின்னால் என் மச்சான் குழந்தைவேலின் இரண்டு கால்கள். செருப்பில்கூட எண்ணெய்ப் பொட்டு இல்லை. பட்டறையில் வேலை செய்கிறவன் செருப்பில் எண்ணெய் இல்லாவிட்டால் அவனை நம்பக் கூடாது. மணி இரண்டரை. மாமனார் ஆறுச்சாமி வாசல் பக்கம் நாற்காலியில் சாப்பாட்டுத் தூக்கத்தில் இருக்கிறார். செயின் ஒவ்வொரு கண்ணியாகக் கடகடவென்று இறங்குகிறது, எஞ்சின் ஒரு சாண் இறங்குகிறது, நிற்கிறது, அவன் மூச்சு விடுகிறான், மறுபடி ஒரு சாண். எனக்கு இன்னும் நாலு சாண் நேரம் இருக்கிறது.

மூன்றாவது விழுந்திருக்கும். ஏன் விழாமல் இருக்கப் போகிறது. பதினேழு வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன், என் கைக்குத் தெரியாதா. கன்வெர்ட்டர் என்பது என்ன, வாயை ஒட்டி அடைத்த பொங்கல் பானை, உள்ளே எண்ணெய், எஞ்சின் சுற்றுகிற சுற்றை எண்ணெய் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கொடுக்கிற பானை. கியர் பாக்ஸ் வாய்க்குள் அதைச் செருக வேண்டும். செருகினால் போதாது. சுற்றிக்கொண்டே தள்ள வேண்டும். உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பல்வரிசை, ஒவ்வொன்றிலும் பல்லோடு பல் பொருந்தும்போது ஒரு விரல் கனத்துக்கு உள்ளே விழும். டொக். மறுபடி சுற்று, தள்ளு, டொக். மூன்றாவது டொக்தான் முக்கியம், அதுதான் ஆயில் பம்ப்பின் காது. இரண்டோடு நின்றுவிட்டால் பார்ப்பதற்கு உட்கார்ந்த மாதிரியே இருக்கும். அப்புறம் எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தால் இரண்டு முகமும் சேராது, விரல் கனத்துக்கு இடைவெளி நிற்கும். அங்கே போல்ட்டைப் போட்டு இழுத்தால் பம்ப் நசுங்கிக் கீறிவிடும். சத்தம்கூட வராது, அதுதான் கெரகம். எல்லாவற்றையும் பூட்டி, எண்ணெய் ஊற்றி, சாவியைத் திருப்பும்போதுதான் தெரியும். எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. கடகட. ஒரு சாண். அவன் இருமுகிறான். இருமும்போதுகூட வாயை மூடிக்கொண்டு இருமுகிறான், பெரிய கலெக்டர் வீட்டுப் பிள்ளை. பேன்ட் பையில் துணியை நான்காக மடித்து வைத்திருப்பான். நானும் பதினேழு வருஷமாகப் பார்க்கிறேன், அந்த மடிப்பு கலைந்ததே இல்லை. அதைப் பிடுங்கி எண்ணெய்த் தொட்டியில் போட வேண்டும் என்று எனக்கு எத்தனையோ நாள் தோன்றியிருக்கிறது.

"ஏங்க, ஜாக்கிய ஒரு நூல் தூக்குங்க," என்கிறான் மேலிருந்து.

ஏங்க. ஒரு வருஷமாக நான் ஏங்க. அதற்கு முன்னால் மாப்ள. வாங்க மாப்ள, சாப்புட்டீங்களா மாப்ள, மாப்ளைக்கு இன்னொரு இட்லி வை. இப்போது பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரி ஏங்க. நான் ஜாக்கியைத் தூக்குகிறேன். கியர் பாக்ஸ் ஒரு நூல் உயர்கிறது, மூன்று கோடும் என் கண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. முதல் இரண்டு கோடும் மெல்லிசு. மூன்றாவது தடி. ஏன் தடி. அழுத்திப் போட்டிருக்கிறேன். சாக்பீஸ் உடைந்து பாதி காலடியில் விழுந்தது. அப்படியானால் மூன்று கோடும் மூன்று நேரத்தில் போட்டதில்லை. இல்லை, இரு. நிதானமாக யோசி. முதலாவது விழுந்தது, கரண்ட் போய் வந்தது, சாக்பீஸ் அப்போது என் கையில் இருந்ததா? இல்லை. சட்டைப் பையில் இருந்தது. இரண்டாவது விழுந்தது, எண்ணெய் வழிந்தது, துடைக்கக் கை நீட்டினேன். அப்போதுதான் அவன் மேலிருந்து, என்னிடம் இல்லை, சுவரிடம், காற்றிடம், "ஒண்ணு விழுந்தா ஒரு கோடு, மொத்தமாப் போடறதுக்கு இல்ல," என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கே பாடமா. சாக்பீஸை எடுத்து சர் சர் சர் என்று மூன்றையும் ஒரே இழுப்பில் இழுத்தேன், மூன்றாவதை அவன் முதுகில் இழுக்கிற மாதிரி இழுத்தேன், சாக்பீஸ் உடைந்தது. "போட்டாச்சு," என்றேன். அதற்கப்புறம் கன்வெர்ட்டரைச் சுற்றித் தள்ளினேனா? தள்ளியிருப்பேன். கோபத்தில் இன்னும் வேகமாகவே தள்ளியிருப்பேன். கை போன மாதிரி ஒரு நினைவு இருக்கிறது. ஆனால் அது இன்றைய கைதானா, போன வாரக் கையா, எந்த வண்டி, எனக்குத் தெரியவில்லை.

கோடு மாமனார் கொண்டுவந்த சட்டம். உலகத்தில் வேறு எந்தப் பட்டறையிலும் இருக்காது. ஒண்ணு விழுந்தா ஒரு கோடு, உக்கார வெச்சவன் கையால போடோணும், மூணு கோடு இருந்தா மேல நிக்கறவன் வாயத் தொறக்கக் கூடாது. அப்படிச் சொல்லித்தான் சாக்பீஸ் டப்பாவை வாங்கி வைத்தார். எதற்காகச் சட்டம் வந்தது என்றால் போன வருஷம் ஆடி மாதம் ஒரு வால்பாறை டீ வியாபாரியின் காரில் பம்ப் கீறிப் போனது. அன்றைக்கும் நான் பள்ளத்தில், இவன் மேலே. அன்றைக்கும் முகம் சேரவில்லை. "மாப்ள, சேரலீங்களே, மூணும் விழுந்துச்சுங்களா?" என்று கேட்டான். நான் என் மனைவி ரேணுகாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன், குழந்தைக்குக் காய்ச்சல், போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "அதெல்லாம் விழுந்துருச்சு, இழுங்க மச்சான்," என்றேன். அவன் இழுத்தான். என் பேச்சை நம்பித்தான் இழுத்தான். நாலு நாள் கழித்து வண்டி நகரவில்லை, திறந்தால் பம்ப் இரண்டு துண்டு. மாமனார் எங்கள் இருவரையும் நிறுத்திவைத்துக் கேட்டபோது நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். நான் மூணும் உக்கார வெச்சுத்தான் குடுத்தேனுங் மாமா, மேல என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. அவ்வளவுதான் சொன்னேன். பெரிய பொய்கூட இல்லை, பாதிதான் பொய். இவன் என்னைப் பார்த்தான். நீங்கதான இழுக்கச் சொன்னீங்க என்று இவன் கேட்க, நான் எங்க சொன்னேன் என்று நான் கேட்க, அதோடு முடிந்தது. பெற்ற மகனை டீ வியாபாரி முன்னால், டீக்கடைக்காரன் முன்னால், கண்ணும் இல்ல கையும் இல்ல உனக்கு என்று சொல்லி, கியர் பாக்ஸ் பக்கமே வராதே என்று ஒதுக்கிவிட்டார். ஒரு வருஷம் சக்கரம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம் இல்லையா? கத்தியிருக்கலாம், என் சட்டையைப் பிடித்திருக்கலாம், நானும் நாலு அறை வாங்கிக்கொண்டு போயிருப்பேன். வாயை மூடிக்கொண்டு சக்கரம் கழற்றினான். அதுதான் எனக்கு ஆத்திரம். நல்லவன் வேஷம் போடுகிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது.

இன்றைக்குத்தான் அவனுக்கு மறுபடி கியர் பாக்ஸ் வேலை. காலையில் மாமனார் என் முன்னாலேயே சொன்னார், இன்னொண்ணு ஒடச்சீன்னா இந்தப் பட்டறைப் படியே ஏறாத, எனக்கு ஒரு மாப்ள இருக்கறாரு, போதும். எனக்கு அப்போது காதுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்லவில்லை, இருந்தது. ரேணுகாவிடம் சொல்லவில்லை. அதற்கு முன்னாலேயே வீட்டில் அவள் தோசைக் கல்லை நங்கென்று வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மிதுனாவுக்குக் காது குத்து. "எங்கண்ணன் மடில உக்காராம என்ற புள்ளைக்குக் காது குத்த மாட்டேன், சொல்லிப்போட்டேன்," என்றாள். நானா வர வேண்டாம் என்றேன். "நீங்க ஒரு வார்த்த கூப்புடுங்க." கூப்பிட்டால் வருவானா. வந்து உட்காருவான். துணியை நான்காக மடித்து மடியில் போட்டுக்கொண்டு என் மகளை உட்கார வைத்துக்கொள்வான். அவள் அழும்போது நெற்றியைத் தடவுவான், என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பான். அந்தப் பார்வையை நான் வாங்க வேண்டும். எங்கள் கல்யாணத்தில் கைகோர்வைச் சீரில் என்னையும் இவனையும் எதிரெதிரே உட்கார வைத்து விரலுக்குள் விரலாகக் கோர்த்துவிட்டார்கள். இவன் கை வேர்த்திருந்தது. மெதுவாக, "என்ற தங்கச்சி சோத்துக்கு ஊறுகா இல்லீனா அழுவா மாப்ள, பாத்துக்குங்க," என்றான். நான் சிரித்துவிட்டேன். பெரியவர்கள் முறைத்தார்கள். இதெல்லாம் இப்போது எதற்கு. கடகட, கடகட. எஞ்சின் இறங்கிவிட்டது.

முகத்துக்கு நேராக முகம் வருகிறது. அவன் எஞ்சினை இடுப்பால் தள்ளுகிறான், நான் கீழிருந்து கியர் பாக்ஸை ஆட்டிக் கொடுக்கிறேன், எஞ்சின் முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற முளை, அந்தப் பின்னு, துளையைத் தேடுகிறது, கிடைக்கிறது, சர்ரென்று வந்து நிற்கிறது. நிற்கிறது. இன்னும் வர வேண்டும், வரவில்லை. சுற்றிலும் ஒரே சீராக இடைவெளி. ஆட்டிப் பார்க்கிறேன். நிற்கிறது. விரல் கனத்துக்கு இடைவெளி, இவ்வளவு நேரம் நான் தேடின மூன்றாவது டொக் அதற்குள்தான் நிற்கிறது, விழாமல்.

"சேரலீங்களே," என்கிறான் மேலே.

நான் கியர் பாக்ஸை இன்னொரு தடவை ஆட்டுகிறேன்.

"மூணும் விழுந்துச்சுங்களா?"

அதே கேள்வி. அதே வார்த்தை, மாப்ள மட்டும் இல்லை. வேண்டுமென்றே கேட்கிறான். என் வாயைப் பிடுங்குகிறான்.

"கோடு தெரியலீங்களா?" என்கிறேன்.

"கோடு தெரியுது."

"அப்பறம் என்ன. வேற எஞ்சினு, பின்னு துருப் புடிச்சு எறுக்கமா இருக்கும். போல்ட்டப் போட்டு இழுங்க."

சொல்லிவிட்டேன். என் வாய்தான் சொன்னது. இழுங்க. மேலே போல்ட் டப்பா குலுங்குகிறது. பிறகு அவன் குரல், கொஞ்சம் உரக்க, "நீங்க சொல்றீங்க, நான் இழுக்கறேன்," என்றது. நாற்காலி பக்கம் ஒரு அசைவும் இல்லை, கிழவர் தூங்குகிறார். போல்ட் ஒன்று துளைக்குள் நுழைகிறது, எதிர்ப்பக்கம் இன்னொன்று, கையால் முறுக்குகிறான், ராட்செட் ஸ்பேனரை மாட்டுகிறான். கிர்ர். அரைத் திருகு. நிறுத்துகிறான். கிர்ர். எதிர்ப்பக்கம் அரைத் திருகு. நிறுத்துகிறான். இவ்வளவு மெதுவாக யாராவது போல்ட் முடுக்குவார்களா. வெடுக்கென்று இழுத்துத் தொலையேன். முதல் ஏழெட்டுத் திருகு வெறும் தளர்வை எடுக்கும், அதில் ஒன்றும் ஆகாது. அதற்கப்புறம்தான் பம்ப்பின் மேல் பாரம் ஏறும். ஒன்று. இரண்டு. சொல்லிவிடலாம். என்னவென்று சொல்வது, சந்தேகமா இருக்கு, எடுங்க, மறுபடி பாக்கலாம் என்றா? அப்படியானால் மூணு கோடு எப்படி வந்தது என்பான். கோபத்தில் போட்டேன் என்று சொல்ல வேண்டும். இன்றைக்குக் கோபத்தில் போட்டவன் போன வருஷம் எதில் போட்டான் என்று அடுத்த கேள்வி வரும். மூன்று. நான்கு. சொல்லாவிட்டால்? நாலு நாள் கழித்துப் பம்ப் உடையும், கோடு மூன்று இருக்கும், சட்டப்படி தப்பு மேலே நின்றவனுடையது, மாமனார் பொறுக்கமாட்டார். இவன் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போவான். பட்டறை எனக்கு. ஐந்து. பட்டறை எனக்கு என்றால் இந்தப் பள்ளம் எனக்கு, இந்தப் பிசுபிசுப்பு எனக்கு. வெள்ளிக்கிழமை எந்த மடி. ரேணுகா என்னைக் கேட்பாள், மூணும் விழுந்துச்சுங்களா என்று அவளும் கேட்பாள், கேட்காமலேயே தோசைக் கல்லை நங்கென்று வைப்பாள், சாகிற வரைக்கும் வைப்பாள். ஆறு. அவன் ஏன் இன்னும் நிறுத்தி நிறுத்தி முடுக்குகிறான். அவனுக்குத் தெரியும். இவ்வளவு வருஷம் வேலை செய்தவனுக்கு முகம் சேராததன் அர்த்தம் தெரியாதா. தெரிந்துகொண்டேதான் முடுக்குகிறான். அரைத் திருகுக்கு ஒரு தரம் எனக்கு நேரம் கொடுக்கிறான். கொடுக்காதேடா. யார் கேட்டது உன் நேரத்தை. ஏழு.

வாயைத் திறந்தேன், வரவில்லை. கைதான் போனது. வலது கைச் சுண்டுவிரலை அந்த இடைவெளிக்குள், நகம் மறைகிற வரைக்கும், மறைந்த பிறகும் நுழைத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வேறு எதை வைத்து அவனை நிறுத்துவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். கிர்ர். இரண்டு இரும்பும் விரலைத் தொட்டன. இன்னொரு அரைத் திருகு, விரல் பிடிபட்டது. கதவிடுக்கில் மாட்டின மாதிரிக்கூட இல்லை, யாரோ கையைப் பிடித்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது, ஆனால் இழுத்தால் வரவில்லை.

"விரல் இருக்கு," என்றேன்.

ராட்செட் நின்றது. "என்னது?"

"என்ற விரல் உள்ள இருக்கு மச்சான். இழுக்காதீங்க."

செருப்புக் கால்கள் நகர்ந்தன. அவன் குனிந்து எஞ்சினுக்கும் அதன் பின்னாலிருக்கிற தடுப்புத் தகட்டுக்கும் நடுவில் தலையை விட்டுப் பார்த்தான். ஒரு வருஷத்தில் அவன் முகத்தை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. காதோரம் நரைத்திருந்தான்.

"எதுக்கு உள்ள உட்டீங்க?"

"மூணாவது விழல."

அவன் கண் கோட்டுக்குப் போய் என்னிடம் திரும்பியது. "இன்னிக்கிச் சொல்றீங்களா, போன வருசத்தச் சொல்றீங்களா?"

விரல் துடிக்கத் தொடங்கியிருந்தது. துடிப்பு இரும்பில் பட்டு எனக்கே திரும்பி வந்தது.

"ரெண்டும்," என்றேன்.

"போன வருசம் நான் கேட்டனா இல்லியா?"

"கேட்டீங்க."

"இழுங்கன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவன் தலையை வெளியே எடுத்துக்கொண்டான். ராட்செட்டைத் திருப்பிப் போட்டுத் தளர்த்துவான் என்று காத்திருந்தேன். நான்கைந்து மூச்சு காத்திருந்தேன். அவன் பையிலிருந்து துணியை எடுத்துக் கையைத் துடைக்கிற சத்தம் கேட்டது, ஒவ்வொரு விரலாகத் துடைக்கிறான், எனக்குத் தெரியும், அவன் அப்படித்தான் துடைப்பான்.

"அப்பா," என்று கூப்பிட்டான். "அப்பா, எந்திரிங்க. இங்க வாங்க. மாப்ளைக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமாம்."

மாப்ள. ஒரு வருஷம் கழித்து அந்த வார்த்தையை எடுத்து எங்கே வைக்கிறான் பாருங்கள். அவனை நான் வெறுத்தேன். அந்த நிமிஷத்தில் என்னை அதைவிட அதிகமாக வெறுத்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். நாற்காலி கிரீச்சிட்டது. தூக்கக் கலக்கத்தில் மாமனார் தொண்டையைச் செருமினார். ரப்பர் செருப்பு தரையில் தேய்ந்து தேய்ந்து வந்தது. பள்ளத்தின் விளிம்பில் அவருடைய பெருவிரல்கள் இரண்டும் வந்து நின்றன.

"என்னங் மாப்ள? என்ன ஆச்சு?"

நிமிர்ந்து பார்த்தேன். இடது கை சும்மாதான் இருந்தது. அந்தக் கையின் கட்டைவிரலால் தடியாக இருந்த மூன்றாவது கோட்டை அழித்தேன். முழுதாக அழியவில்லை, வெள்ளையாக ஒரு தீற்றல் நின்றது.

"மாமா," என்றேன், "போன வருசம் ஒடஞ்ச பம்ப்பு இருக்குதுங்கல்ல..."

மேலே அவன் இன்னும் போல்ட்டைத் தளர்த்தவில்லை.